ஈரம் காயாத சுவர்

— எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விடட்டுமா அக்கா? தப்பா நினைக்காதீங்க. வீடு பாக்கப் போனா முதல்ல அதைச் செய்னு எங்க அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கான்.

— தாராளமா திற. சமையல்கட்டுல திறந்தா குளியலறையில நூலாட்டம் ஒழுகும், பாரு. வாடகைக்கு இருக்கிறவ நான் சொல்றேன், ஓனர் சொல்லமாட்டார். அவர் எங்கயோ தூர தேசத்துல உக்காந்துக்கிட்டு, வித்துக் குடுன்னு தரகர்கிட்ட விட்டுட்டார்.

— எங்க நூலாட்டம்? நல்லா கொட்டுதே.

— இன்னிக்குக் கொட்டுது. உனக்கு நல்ல நேரம்.

— வேற என்ன குறை அக்கா?

— அதை ஏன் கேக்கறே. சாயங்கால வெயில் நேரா படுக்கையறைக்குள்ள வந்து கட்டில்ல படுத்துக்கும். எதிர்வீட்டு நாய் விடிய விடியக் குரைக்கும். பக்கத்துல மரக்கடை வேற. ரம்பம் போட ஆரம்பிச்சான்னா நாம பேசறது நமக்கே கேக்காது.

— அந்த மரக்கடைக்காரரைப் பாத்துட்டுத்தான் வர்றேன். அக்கம்பக்கத்துல விசாரிக்காம உள்ள கால் வைக்காதேன்னும் அண்ணன் சொன்னான். கடையை மூடி ரொம்ப நாளாச்சாமே. பூட்டின கதவு முன்னாடி உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்.

— திரும்பத் திறந்தாலும் திறப்பான். மனுஷன் மனசு, யார் கண்டா?

— உங்களோட பேசினா பொழுது போறதே தெரியாது போலிருக்கு. முன்னறையில இவ்ளோ பெரிய கண்ணாடி எதுக்குக்கா?

— இந்தத் தெருப் பொம்பளைங்களுக்கு முடி வெட்டி விடறேன். அந்த நாற்காலி, அந்தக் கண்ணாடி, அதுதான் என் கடை. நீ என்ன வேலைம்மா?

— பஸ் கண்டக்டர். நாள் பூரா நின்னுக்கிட்டே பொழைப்பு. திரும்பி வந்து உக்கார்றது சொந்த இடமா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. எத்தனை வாடகை வீடு பாத்தாச்சுன்னு எண்ண விரல் பத்தாதுக்கா. ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனரைக் கேக்கணும். எங்க அம்மா போட்டோவைச் சுவர்ல மாட்டினதே இல்ல. எல்லா வீட்லயும் பீரோ மேல சாச்சுத்தான் வெச்சிருக்கேன். அரண்மனையா கேக்கறேன்? யாரையும் கேக்காம ஒரே ஒரு ஆணி அடிக்கணும், அவ்ளோதான்.

— அப்படின்னா இந்த வீடு உனக்கு ஆகாது. இந்தச் சுவர் ஆணி தாங்காது. இங்க வா, கையை வை.

— ஜில்லுன்னு இருக்கே.

— ஓதம். அடியிலேர்ந்து ஏறுது. வந்தவங்க எல்லாரும் இதைத் தொட்டுட்டுத்தான் திரும்பிப் போனாங்க. உன்னை என் தங்கச்சியா நினைச்சுச் சொல்றேன், வேற இடம் பாரு.

— மழை பேஞ்சு மாசக்கணக்காச்சே?

— பூமிக்குள்ள ஓடற தண்ணிக்கு மழை என்ன, வெயில் என்ன.

— பெயிண்ட்கூட உரியலையே அக்கா. ஓதம் அடிச்சா முதல்ல அதுதானே உரியும்?

— போலீஸாட்டம் கேக்கறியே. ஈரம்னா ஈரம்தான்.

— இந்தாங்கம்மா, டீ. சக்கரை கம்மியாத்தான் இருக்கும். இந்த வீட்டுச் சட்டம் அப்படி.

— நீங்க ஏங்க தூக்கிட்டு வந்தீங்க? ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்திருப்பேன்ல. என் வீட்டுக்காரர்ம்மா. லாரி ஓட்டினவர்.

— வணக்கம்ங்க. ரெண்டு டம்ளரையும் ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டு வந்துட்டீங்களே.

— மலைப்பாதையில ஸ்டியரிங் பிடிச்ச கைம்மா. முடி வெட்டிக்க வந்தீங்களா? வெட்டிக்கோங்க, நான் உள்ள போறேன். அட, என்ன இது, சுவர் ஈரமா இருக்கு? இன்னிக்கு வீடு பாக்க யாராச்சும் வர்றாங்களா?

— உள்ள போங்க.

— இல்ல, காலையிலயே தொடச்சு வெச்சிட்டியேன்னு...

— உள்ள போங்கன்னு சொல்றேன்ல.

— போறேன், போறேன். இந்த நடுவழியில கிடக்கிறதை மட்டும் யாராச்சும் எடுங்க. கால்ல தட்டுது. புதுசா இருக்கே.

— ஐயோ, என் பைதான். உங்க காலடியிலயே கிடக்கே, பாக்கலையா?

— அவருக்குத் தெரியாதும்மா. எடுத்துடு. அவர் போகட்டும்.

— கண்ணு தெரியாதா அக்கா?

— சக்கரை வியாதி கொண்டு போயிடுச்சு. ரெண்டு கண்ணும்.

— நாற்காலியைச் சுத்திக்கிட்டு டீ எடுத்து வந்தாரே. எனக்குச் சந்தேகமே வரல.

— இந்த வீட்ல அவருக்குக் கண்ணு தெரியும்மா. பார்வை இருந்தப்போ குடிவந்த வீடு. அடுப்பு எங்க, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் அவர் உடம்புக்குத் தெரியும். தானே குளிப்பார், தானே ஷேவ் பண்ணிப்பார். ஒரு தடவை என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கட்டில் ஓரத்துல பொம்மையாட்டம் உக்காந்துட்டார். பாத்ரூம் போக என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், அதுவும் மெதுவா, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. திரும்பி வந்து இந்த வாசல்ல கால் வெச்சதும் என் கையை உதறி விட்டார் பாரு. எனக்கு சந்தோஷத்துல அழுகை வந்துடுச்சு. வேற வீட்டுக்குப் போனா அவர் குருடராயிடுவார்ம்மா.

— அதனாலதான் சுவருக்குத் தண்ணி.

— தரகர் போன் பண்ணினதும் துணியை நனைச்சுத் தொடச்சிடுவேன். தப்புதான். நாங்களே வாங்கிடணும்னு ஆசை இல்லாம இல்ல, ஆனா அது ஏணி வெச்சாலும் எட்டாது. இது நல்ல வீடும்மா. அந்த நாய்கூடச் சாதுவான நாய். வர்றவங்ககிட்ட இந்த வீட்டைக் குறை சொல்றப்போ எனக்கு நாக்கு கூசும். போ, தரகர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. உன் ஆணியை அடிச்சுக்கோ.

— உள்ள நுழைஞ்ச உடனே அம்மா போட்டோவுக்கு இடம் பாத்து வெச்சுட்டேன்க்கா.

— எங்கே?

— உங்க கண்ணாடிக்குப் பக்கத்துல.

— நல்ல இடம். காலையில வெளிச்சம் விழும்.

— தெரியும். அதான் பிடிச்சுது. போகட்டும் விடுங்க. சுவர் பூரா ஓதம்னு சொல்லிடறேன்.

— எனக்காக நீ எதுக்கும்மா...

— ஒண்ணு கேளுங்க. அடுத்த தடவை தண்ணியில உப்பைக் கரைச்சுத் தொடைங்க. வெறும் தண்ணி சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும், தொட்டவங்களுக்கும் சந்தேகம் வரும். உப்புத் தண்ணின்னா காஞ்சாலும் வெள்ளையாப் பூத்து நிக்கும். பாத்தா நிஜ ஓதம்தான்.

— இதுவும் உங்க அண்ணன் சொல்லிக் குடுத்ததா?

— நானே கத்துக்கிட்டேன். நாங்க பொறந்து வளந்ததும் வாடகை வீடுதான். அம்மா படுத்த படுக்கையானதும் அந்த வீட்டை விக்கப்போறோம்னாங்க. எத்தனையோ பேர் வந்து, தொட்டுப் பாத்துட்டு, முகத்தைச் சுளிச்சுட்டுப் போனாங்க.

— அப்புறம் எப்படி வித்துப்போச்சு?

— கடைசியா ஒருத்தர் வந்தார்க்கா. சுவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. இடிக்கப்போற சுவர் ஈரமா இருந்தா என்ன, காஞ்சிருந்தா என்னன்னுட்டார்.