பதினோராவது விதி

கோபம்லாம் இல்லம்மா. என் குரலே அப்படித்தான். முப்பது வருஷம் ஆலை வாசல்ல மைக் இல்லாம பேசின தொண்டை. நீங்க பாருங்க. அந்தப் பதினோராவது விதியை இன்னொரு தடவை கம்ப்யூட்டர்ல ஓட்டுங்க. தப்பு அங்கதான் இருக்கணும்.

தெரியும், காலையிலேருந்து நாலு தடவை ஓட்டிட்டீங்க. விதிகளோட வரிசையைக்கூட மாத்திப் பார்த்தீங்க. ஆனா மணி மூணு பத்தும்மா. தகுதி உண்டுன்னு நாலு மணிக்குள்ள உங்க புரோகிராம் சொல்லலைன்னா, என் தம்பி படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நெஞ்சு பூரா சிமென்ட் தூசி. மூச்சையே மெஷின்தான் இழுத்து விடுது. அந்த மெஷினை அவனுக்குக் குடுக்கலாமா வேணாமான்னு இந்த மெஷின் சொல்லணுமாம். எங்க பழைய மேனேஜரே தேவலை. அவனையாவது காரோட மறிப்போம். இதை எங்க போய் மறிக்கிறது?

புரியுதான்னு கேக்காதீங்க. துண்டு நோட்டீஸ் படிச்சே வளர்ந்தவன் நான், ஆனா உங்க விதியெல்லாம் எனக்கு நல்லாப் புரியுது. இப்படி இருந்தா இப்படின்னு எழுதி வச்சிருக்கீங்க, அது மேலேருந்து ஒண்ணொண்ணா பொருத்திப் பார்த்துக்கிட்டு வரும். நாங்க ஒப்பந்தம் எழுதினதும் அப்படித்தான். பதினஞ்சு வருஷம் இடைவெளி இல்லாம வேலை பார்த்தவனுக்கு சிகிச்சை உண்டு. ஸ்டிரைக்ல நின்ன நாளும் வேலை நாள்தான். அதுதான் பதினொண்ணு. அந்த ஒத்தை வரிக்காக நாப்பத்தியோரு நாள் வெயில்ல கிடந்தோம்மா.

அதே ஸ்டிரைக்ல நின்ன இருநூத்திப் பதினோரு பேருக்கும் உண்டுங்குது. இவனுக்கு மட்டும் ஏன் இல்லைங்குது?

என்னது, ஏன்னு கேட்டா அதுவே காரணம் காட்டுமா? கேளுங்க, கேளுங்க. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க, கண்ணாடியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டேன்.

ம். முப்பத்தெட்டு நாள் வேலைக்கு வரலை. ஸ்டிரைக் பட்டியல்ல பேர் இல்லை. அதனால ஸ்டிரைக்ல இல்லை. அதனால வேலையை விட்டுப் போனவர்.

அவன் ஸ்டிரைக்ல இல்லைன்னு யாரும்மா அதுக்குச் சொன்னா? ஓ. சொல்லாத எதையும் இல்லைன்னுதான் எடுத்துக்குமா. தெரியலைன்னு ஒரு பதிலே அதுக்குக் கிடையாதா.

அப்ப உங்க புரோகிராம்ல ஒண்ணும் தப்பில்லை. நிமிந்து உக்காருங்கம்மா, கழுத்து பிடிச்சுக்கும்.

அந்தப் பட்டியல்ல ஒரு பேரை நீங்களே சேர்த்துட முடியாதா? ஆமா ஆமா, அன்னைக்கு சங்கச் செயலாளரா இருந்தவர் எழுதித் தரணும். எந்த ஆபீசரும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு நாங்கதான் சண்டை போட்டு வாங்கினோம்.

யாருன்னா? நான்தான். பேப்பர் குடுங்க.

காரணமும் எழுதணுமா? எழுதறேன். முப்பத்தொன்பதாம் நாள் அவன் ஸ்டிரைக்கை விட்டுட்டு ஆலைக்குள்ள வேலைக்குப் போயிட்டான். பொண்ணுக்குக் காய்ச்சல், வீட்ல மருந்துக்கு வழியில்லை. கருங்காலின்னு அத்தனை பேர் முன்னால கத்தினது நான்தான். பட்டியல் எழுதறப்ப அவன் பேருக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் கேட்டான், அண்ணே, என் பேரும் இருக்குல்லன்னு. இருக்குடான்னேன்.