கருங்குருகின் குரல்

பறவை பார்க்க வருகிறவர்கள் நல்ல மனிதர்கள். உபயோகித்த துண்டையே மறுநாளும் உபயோகிப்பார்கள், துவைக்கிற தண்ணீர் மிச்சமாகட்டும் என்று. அதனால் எங்கள் விடுதியில் சலவைக்கு ஆள் குறைத்தார்கள். மிஞ்சிய வேலை முழுவதும் என் அம்மா தலையில் விழுந்தது.

நான் விலங்கியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விருந்தினர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவை காட்டுவது என் வேலை. முதலாளிக்குச் சலவைப் பெண்கள் வைத்த பெயர் ‘உஷ் சார்’. எப்போதும் உதட்டில் விரல். பறவைகள் மேல் அவருக்கு உண்மையான அன்பு. அதை நான் மறுக்கவில்லை. ஏரிக்குள் போகும் மரப்பாலத்தில் கைப்பிடிகூட வைக்க விடவில்லை, பறவைகள் மிரளுமாம். பாலம் முடிகிற இடத்தில் ஆளை விழுங்குகிற சேறு.

கொக்குகள் அடைகாத்த நேரத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ஜீப் கேட்டேன்.

“உஷ். மெதுவா பேசும்மா. கரையில வண்டி போனா அத்தனையும் கூட்டை விட்டு எழுந்துடும். கேட் வரைக்கும் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயேன். படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். ஒரு ஜீப்புக்குக் கொக்கு எழும், கொஞ்ச நேரத்தில் திரும்பி உட்காரும். ஆனாலும் நடத்தித்தான் கூட்டிப்போனேன். பாதி வழியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். “அழாதடி,” என்றாள். “சத்தம் கேட்டா உன் வேலை போயிடும்.” அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அம்மா பெயரில் ஒரு மரக்கன்று நட்டார்கள். அதன் பக்கத்தில் என்னை நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபக்காரிக்குப் பொறுமை இருக்காது. எனக்கு இருந்தது.

பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது என்று விடுதி வாசலில் பலகை இருக்கிறது. விருந்தினர் வெறுங்கையோடு திரும்பும் நிலை வந்தால், சோப்புப்பெட்டி அளவு ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்து என்னை இயக்கச் சொல்வதும் உஷ் சார்தான். அவர் ஆயுள் முழுக்கத் தேடியும் கண்ணில் படாதது ஒரு சிவப்புக் காணாங்கோழி. அதன் குரலைத் தேடிப் பிடித்தேன். ஒரே சீராக ஒலித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கங்கே வெட்டி, தயங்கித் தயங்கிக் கூப்பிடுவதுபோல ஒட்டினேன். பரிசலைச் சரிபார்ப்பதுபோல் அதில் ஏறிப் போய், பாலத்துக்கு அப்பால் நாணலுக்குள் அந்த ஸ்பீக்கரை வைத்துவிட்டு வந்தேன்.

பறவைக்காரர்கள் குரல் கேட்டால் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நடப்பார்கள். கீழே பார்க்க மாட்டார்கள்.

நான் அப்போது எதிர்க்கரை மறைகுடிலில் விருந்தினர்களோடு இருந்தேன். தண்ணீர்மேல் சத்தம் நன்றாக வரும். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் என் தோளைத் தொட்டார்.

“என்னம்மா அது? யாரோ ஆள் கத்தற மாதிரி இருக்கே.”

“கருங்குருகு மேடம். ஆண் குருகு இந்த சீசன்ல அப்படித்தான் கூப்பிடும்.”

“அடேயப்பா. ‘அம்மா, அம்மா’ன்னே கேக்குதே!”

நான் உதட்டில் விரல் வைத்தேன். எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள். நல்ல மனிதர்கள் என்று சொன்னேனே. சத்தம் நிற்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. அந்த டீச்சருக்கு மட்டும் தகவல் சொல்லிவிடுங்கள். எங்கள் ஏரியில் கருங்குருகு கிடையாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதன் குரலைக் கேட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார், பாவம். என் வேலையில் நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை.