சான்றிதழில் ஒரு நீலப் பூ

இல்ல மேடம், இந்தக் கறை யாரால வந்துச்சுன்னு நான் கண்ணால பாக்கல. அம்மா சொன்னதத்தான் சொல்றேன். அம்மாவும் பாக்கல, அக்காவாத்தான் இருக்கும்னாங்க. அக்காகிட்ட கேட்டேன், ஆமான்னுட்டா. அதுக்கு மேல நான் என்னத்த விசாரிக்கிறது?

மை இல்ல மேடம். பூ. கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, அஞ்சு இதழ் தெரியும். என் பேருக்கு மேல ஒண்ணு, முத்திரைக்குப் பக்கத்துல ரெண்டு. எங்க கட்டடத்துக்குப் பின்னால சுவரோரமா தானா முளைக்கிற பொடி நீலப் பூ. பேரெல்லாம் தெரியாது.

நகத்துல வைக்கிறதுக்கு. அக்கா வீட்லயே நகத்துக்கு அலங்காரம் பண்றா. சாப்பாட்டு மேசைதான் கடை. ஒரு பக்கம் யாராவது பொண்ணு கைய நீட்டிட்டு உக்காந்திருக்கும், இன்னொரு பக்கம் அப்பா சாப்பிட்டுட்டு இருப்பார். இப்பல்லாம் பாலிஷ் வாசனை இல்லன்னா எனக்கு வாய்க்கு ருசியே இல்லம்பார்.

அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல மேடம். நகத்துல நிறமில்லாத ஜெல் ஒரு பூச்சு. அது ஈரமா இருக்கும்போதே காஞ்ச பூவ இடுக்கியால தூக்கி வைக்கணும். பலமா மூச்சு விட்டா பறந்துடும். மேல ரெண்டு பூச்சு, அப்புறம் சின்ன விளக்குப் பெட்டிக்குள்ள கைய விட்டா இறுகிடும். ஆனா பூ காகிதமா காஞ்சிருக்கணும். துளி ஈரம் இருந்தாலும் உள்ளுக்குள்ளயே பழுத்துடும். ஒரே வாரத்துல அந்தப் பொண்ணு விரல நீட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும். அதனால புத்தகத்துக்குள்ள வச்சு, மேல கனமா எதையாவது ஏத்தி, ரெண்டு வாரம் விட்டுடணும். பூவுக்கு மேலயும் கீழயும் டிஷ்யூ வைக்கணும். இல்லன்னா சாயம் தாள்ல இறங்கிடும். இதுல அப்படித்தான் இறங்கியிருக்கு.

காய வைக்கிறது? அது... நான்தான் மேடம். வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு. ஆனா அக்காவும் வைப்பா. சில நாள் வைப்பா.

ஐயோ, சாரி மேடம். நகம் கடிக்கிறது சின்ன வயசுப் பழக்கம். யாராவது கேள்வி கேட்டா கை தானா வாய்க்குப் போயிடுது. அக்கா திட்டுவா. ஊருக்கெல்லாம் பூ வைக்கிறேன், உனக்கு வைக்க ஒரு விரல்லயாவது இடம் விட்டு வைக்கிறியாடின்னு.

என் புத்தகமெல்லாம் ஏற்கெனவே பூ மேடம். புள்ளியியல் புத்தகம் மூடவே மூடாது, அவ்வளவு உப்பிப் போச்சு. கெட்டி அட்டைன்னா இந்த சான்றிதழ் ஃபைல்தான் மிச்சம். அத தையல் மிஷினுக்கு அடியில வச்சா நல்லா அமுங்கும். எங்க வீட்ல மொத டிகிரி இது. அப்பா கையக் கழுவித் தொடச்சிட்டுத்தான் தொடுவார். வந்த அன்னிக்கே லேமினேட் பண்ணிடலாம்னார். அதெல்லாம் செல்லாதுப்பா, உங்களுக்குத் தெரியாதுன்னு நான்தான் தடுத்தேன். பண்ணியிருந்தா இப்ப தொடச்சா போயிருக்கும்.

மூணு நாளைக்கு முன்னாடி உங்க கடிதம் வந்துச்சு, வேலைப் பட்டியல்ல என் பேரு இருக்கு, சரிபார்க்க அசலோட வரணும்னு. ஃபைலத் திறந்தேன், பூவா கொட்டுது. அக்கா அப்ப ஒரு பொண்ணுக்கு மோதிர விரல்ல பூ வச்சிட்டிருந்தா. அந்தப் பொண்ணு இருக்குன்னு கூடப் பாக்கல நான். படிக்காதவளுக்கு இதோட மதிப்பு எங்க தெரியப் போகுதுன்னு கேட்டுட்டேன்.

அவளா மேடம்? அந்தப் பூவ சரியா வச்சு முடிச்சா. இடுக்கியக் கீழ வச்சா. அப்புறம், ஆமா, நான்தான் வச்சேன், மறந்துட்டேன், அங்க கேட்டா என் பேரச் சொல்லிடுன்னா. அதோட சரி, நாங்க பேசிக்கல. இன்னிக்குக் காலைல என் செருப்பு வார் அறுந்திருக்குன்னு அவ செருப்ப வாசல்ல திருப்பி வச்சிருந்தா. இதோ, போட்டிருக்கேனே, இதுதான்.

ஃபாரம் எழுதிட்டேன் மேடம். சேதம் யாரால்னு கேட்ட இடத்துல அக்கா பேரு இருக்கு. கையெழுத்துதான் பாக்கி. இங்க ஆபீஸ் வாசல்ல இருக்கறவர் சொன்னார், வீட்டு ஆளுங்க கைத்தவறுதலாப் பண்ணிட்டதா இருந்தா நீங்களே இன்னிக்கு முடிச்சிடுவீங்க, சான்றிதழுக்கு உரியவங்களே பண்ணியிருந்தா மேலதிகாரிகிட்ட போகும், அதுக்குள்ள பட்டியல்ல அடுத்த ஆளக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கன்னு. அப்படித்தானா மேடம்?

சரி.

கறை இல்லாம எடுத்த போட்டோவா? அதத்தான் வெளிய வரிசைல நிக்கும்போது தேடினேன். கிடைக்கல. வேற ஒண்ணு கிடைச்சுது. அக்காகிட்ட வர்றவங்க எந்தப் பூ வேணும்னு முன்கூட்டியே பாத்துச் சொல்லட்டும்னு பூவயெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவோம். அதுல ஒண்ணு. தேதி பாத்தேன், ரெண்டு மாசம் முந்தி. அன்னிக்குத்தான் அஞ்சாவது கம்பெனியும் வேண்டாம்னு மெயில் போட்டிருந்தான். இனிமே இந்த ஃபைல எவனும் கேக்கப் போறதில்லன்னு நெனச்சது நல்லா ஞாபகம் இருக்கு மேடம். பூ வச்சதுதான் ஞாபகமே இல்ல.

வேற ஃபாரம் ஒண்ணு குடுக்கறீங்களா? இல்ல, அடிச்சு எழுத வேண்டாம், புதுசாவே எழுதிடறேன்.

நீங்களே பாருங்க மேடம். சான்றிதழ் மேல பூ பரப்பியிருக்கு. டிஷ்யூ இல்ல. ஓரத்துல தாள அமுக்கிப் பிடிச்சிருக்கே ஒரு கட்டைவிரல், அதப் பெருசு பண்ணிப் பாத்தேன். நகம் சதை வரைக்கும் கடிச்சிருக்கு.