ரோச் அண்ணாச்சி தவறாகப் புரிந்துகொண்ட மூன்று சொற்கள்

கடலும் கப்பலும் கண்ணெனக் கருதிய கண்ணியவானே! குற்றமற்ற முத்தைக் கொற்கைத் துறை தேடியதுபோல், குற்றமற்ற வாக்கியத்தைக் கோப்புதோறும் தேடிய கூர்விழியீர்! எங்கள் கடிதங்கள் மீதெல்லாம் சிவப்பு மையைச் சிந்திய சினமிகு செம்மலே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இக்கப்பல் முகவர் அலுவலகத்தைத் தோள்மீது தாங்கி, இன்று பணிநிறைவு பெறும் முதுநிலைக் கண்காணிப்பாளர் திரு. ரோச் மச்சாடோ அவர்களே! வணக்கம், வணக்கம்!

வாழ்த்து மடல் என்றால் முன்னின்று விளித்துப் புகழ்வதே மரபு. ஆனால் தாங்களோ, "மூஞ்சிக்கு நேரா புகழாதீங்க, எனக்குக் கூசும். மூணாம் மனுசனைப் பத்திச் சொல்லுத மாதிரி சொல்லுங்க. அந்தக் கப்பல் சமாச்சாரத்தையும் எழுதணும். இல்லன்னா மாலையைத் தொட மாட்டேன்" என்று ஆணையிட்டுவிட்டீர்கள். அவ்வாணைப்படியே சொல்கிறோம்.

ரோச் அண்ணாச்சிக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்றுதான். பள்ளியில் ஒரு பாதிரியார் பிரம்போடு ஊட்டிய ஆங்கிலம் அது. அதில் அணுவும் அசையக் கூடாது. 'ஆவன செய்க' என்பதை 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதியவர் அன்றைய தேநீரை நிம்மதியாகக் குடித்ததில்லை. ஒரு கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை யாராவது 'பிரிபோன்' என்று எழுதிவிட்டால், "இந்தச் சொல்லு எந்த ஊர்ல விளையுது?" என்று அறை அதிரக் கேட்பார்.

அவரிடம் அதிகம் அடிபட்டவர் ருமைஸா. காயல்பட்டினத்துக்காரர். துபாயில் ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஏழாண்டு வேலை பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பி நம்மிடம் சேர்ந்தவர். அவருடைய ஆங்கிலத்தில் பத்து நாட்டுக் காற்று அடிக்கும். அண்ணாச்சிக்கு அது ஆகவே ஆகாது.

சென்ற மார்கழியில் ஒரு பிற்பகல். நிலக்கரி ஏற்றி வந்த கப்பலொன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. அதன் சமையற்காரருக்குக் கடும் வயிற்றுவலி என்று காலையிலேயே செய்தி வந்திருந்தது. வெளியே வாடைக்காற்று சீறியது. படகுக்காரர் விக்டர் வாசலில் நின்று, "இப்பவே போணும்னா போவோம் அண்ணாச்சி. ஆனா கடல் சரியில்ல, விடிஞ்சா காத்து அமரும். எதுன்னாலும் சட்டுன்னு சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சி கப்பலுக்குத் தொலைபேசினார். பிலிப்பைன்ஸ் நாட்டு அதிகாரி ஒருவர் எடுத்தார். காற்று அமரும்வரை நோயாளி பொறுத்திருக்க முடியுமா என்று இலக்கணம் பிசகாமல் அண்ணாச்சி கேட்டார். "ஃபார் எ வைல், சார்" என்றது மறுமுனை. அடுத்து ஒரே இரைச்சல். அப்புறம் தொடர்பு அறுந்துபோனது.

'நோயாளி கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம்' என்று பதிவேட்டில் எழுதிய அண்ணாச்சி, விடியற்காலையில் வரும்படி விக்டரை அனுப்பிவிட்டார்.

பதிவேட்டைப் பார்த்த ருமைஸா எழுந்து வந்தார். "சார், அவர் என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

"ஃபார் எ வைல். மூணே சொல்லு. கொஞ்ச நேரத்துக்குன்னு அர்த்தம். இதுல என்னம்மா சந்தேகம்?"

"துபாய்ல என் பக்கத்து சீட்ல எல்லாம் பிலிப்பைன்ஸ் பிள்ளைங்கதான் சார். ஃபோனை எடுத்துட்டு 'ஃபார் எ வைல்'னு சொன்னா, 'லைன்ல இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்'னு அர்த்தம். அவர் பதிலே சொல்லல சார். உங்களை இருக்கச் சொல்லியிருக்கார்."

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அகராதியை இழுத்துப் புரட்டினார். அந்தப் பொருள் அதில் இல்லை. "இதுல இல்லாத அர்த்தம் பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

"அவங்க வாயிலேருந்து சார்."

அண்ணாச்சி உட்கார்ந்தார், எழுந்தார், சன்னல்வரை போய்த் திரும்பினார். கப்பலை மீண்டும் மீண்டும் அழைத்தார். மணி அடிக்கவேயில்லை. இருபது நிமிடம் அப்படியே கழிந்தது. கடைசியில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, வயர்லெஸ் வழியாகக் கப்பலைப் பிடித்தார். அந்த அதிகாரியின் குரல் ஏறக்குறைய அழுதது. நோயாளியைப் பார்க்கப் போனதாகவும், திரும்பி வருவதற்குள் தொடர்பு போய்விட்டதாகவும் சொன்னார். சமையற்காரர் நினைவிழந்து கிடக்கிறாராம்.

அண்ணாச்சி விக்டரை அழைத்து, "ஏலே விக்டர், படகை எடு. நானும் வாரேன்" என்றார்.

"கடல் கெடக்கிற கெடப்புல நீங்க எதுக்கு அண்ணாச்சி?"

"நான் செஞ்ச தப்புல்லா, நான் வராம யாரு வருவா?"

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அலை அடித்த அடியில் சட்டையெல்லாம் உப்பு. பொழுது சாயும் நேரத்தில் சமையற்காரரைக் கரை சேர்த்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது, விடியும்வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அண்ணாச்சியின் கையெழுத்தில் ஒரு தாள்: 'நேற்று ஒரு மனிதர் பதில் சொல்வதற்கு முன்பே அவருடைய பதிலை நான் எழுதிவிட்டேன். என்னைத் திருத்தியவர் ருமைஸா.'

அதோடு அவர் அமைதியடைந்தார் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். எழுதினால் பொய். அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு விதமாகக் கேட்டார். புதிய அகராதி வாங்கி வந்தார். முன்பு மடையனைக் குறித்த 'நைஸ்' இன்று நல்லவனைக் குறிப்பதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்தார். அதில் 'பிரிபோன்' இருப்பதைக் கண்ட அன்று, "முப்பது வருசமா நான் வெளிய தள்ளின பய, உள்ள நாற்காலி போட்டு உக்காந்திருக்கானே!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இதுக்கு முன்னால எத்தனை பேர் சொன்னதை நான் மாத்திக் கேட்டேனோ?" என்றார்.

உடல் தேறி ஊருக்கு விமானம் ஏறும் முன், அந்தச் சமையற்காரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணாச்சியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். கடைசியில் தம் தாய்மொழியில், "சலாமத்" என்றார்.

ருமைஸா நிமிர்ந்தார். "சார், அது எங்க வீட்டுச் சொல்லுல்லா! அரபியிலேருந்து வந்தது. எங்களுக்கு அது சுகம், பத்திரம். அவங்க பாஷைல அதுக்கு நன்றின்னு அர்த்தம்."

அண்ணாச்சி திருத்தவில்லை. அகராதியைத் தேடவுமில்லை. அந்த மனிதரின் கைகளைப் பிடித்தபடியே நின்றார்.

பெருந்தகையீர்! இனித் தங்களை நேர்நின்றே விளிக்கிறோம், பொறுத்தருள்க. பிழை காண்பதில் பெரியவராய் இருந்தீர்கள். தங்கள் பிழையைப் பலகையில் எழுதி அதனினும் பெரியவரானீர்கள். தங்கள் உள்ளத்து அலை ஓய வேண்டுமென நாங்கள் வேண்டமாட்டோம். அவ்வலையே ஓர் உயிரைக் கரை சேர்த்தது. உடல் நலத்தோடும் உறவின் வளத்தோடும் ஆண்டு பல கடந்து வாழ்வீராக! நன்றியென ஒரு சொல்லும், நலமென ஒரு சொல்லும் தேடினோம். இரண்டுக்கும் ஒன்றே போதும்.

சலாமத், அண்ணாச்சி!

இவண்,
தங்களோடு பணியாற்றிய, தங்களிடம் திட்டு வாங்கிய,
அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்
தூத்துக்குடி