ஒன்று என்றால் ஆமாம்

எனக்கு எப்போதும் கை சில்லென்று இருக்கும். அதனால் யாரையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடுபண்ணிக்கொள்வேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தோன்றுவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

டெய்லரக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சொந்தமாகக் கடை வைத்துத் தைத்தவர் அவர். பக்கவாதம் வந்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தபோது பேச்சு போயிருந்தது, தலை நிற்கவில்லை. கண்ணில் எந்நேரமும் நீர் வடியும். அழுகிறாரா, சும்மா வடிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இடது கையில் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. மற்ற பணிப்பெண்கள் அவருக்குத் துணி மாற்றும்போது, பஸ் லேட்டு, மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அவருக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். எங்கள் இல்லத்தில் எல்லோரும் சமம்தான். எல்லோருக்கும் ஒரே மசித்த சாப்பாடு, ஒரே நேரத்தில் குளியல், ஒரே அளவு அலட்சியம்.

ஒருநாள் மேலாளரம்மா எங்களுக்கு வகுப்பெடுத்தார். "அவங்களைப் பத்திப் பேசாதீங்க, அவங்ககிட்ட பேசுங்க. ஒவ்வொருத்தருக்கும் என்ன வேணும்னு கேட்டுச் செய்யுங்க" என்றார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்று பட்டது. என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். வேலைக்குப் போவதை வீட்டுக்காரர் முடிவு செய்தார். ஆசைப்பட்டு ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினால் நாத்தனார் வந்து கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டுப் போவாள். நீங்கள் பரிதாபப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. யாரும் கேட்காமலே காலம் தள்ளுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கே டெய்லரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜன்னலைத் திறக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன். என் விரல்களை ஏதோ லேசாக அழுத்தியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

டாக்டர் அதுவரை வாசலில் நின்றபடியே, "இவங்களுக்கு வலி இருக்கா?" என்று எங்களைத்தான் கேட்பார். "அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர்" என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரிடமே கேட்டார். டெய்லரக்கா என் கையை ஒரு தடவை அழுத்தினார். இடுப்பில் புண் இருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தார்கள். இதுவரை நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு 'மைக்' என்று பேர் வைத்தார்கள். "எங்கே நம்ம மைக்கு? கூப்பிடு, அக்கா என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்பார்கள். துணி துவைக்கும் அறையிலிருந்து என்னை மாற்றி, டெய்லரக்காவுக்கென்றே போட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்தால் அறையே வாயை மூடிக்கொள்ளும். டாக்டர்கூட என் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்.

ஒரு தடவை வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். "இங்கே உங்களுக்கு வசதியா இருக்கா?" என்று ஒருவர் குனிந்து கேட்டார். கையில் ஒன்றும் வரவில்லை. அசதியாக இருந்திருக்கும். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்கறாங்க" என்றேன். கை தட்டினார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு பழகிவிட்டது. ஒருவரோடு அவ்வளவு நாள் இருந்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே தெரிந்துவிடும். ரேடியோவில் எந்தப் பாட்டு, எந்தப் பக்கம் படுக்கை, எல்லாம் நானே சொன்னேன். அவருக்கு நீளமான முடி. சிக்கெடுத்துச் சீவிப் பின்னுவதற்குள் எனக்கு முதுகு ஒடிந்துவிடும். "வெட்டிடலாமா அக்கா?" என்று மேலாளரம்மா முன்னாலேயே முறையாகக் கேட்டேன். இரண்டு தடவை அழுத்தினார். "சரிங்கறாங்க" என்றேன். வெட்டினோம். கண்ணில் நீர் வந்தது. எப்போதும் வருவதுதான்.

அவருடைய தங்கை வெளியூரில் வேலை பார்க்கிறவர். அக்காவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு, வாசல் கதவை அகலப்படுத்தி, முன்னறையில் கட்டிலும் போட்டுவிட்டு வந்து நின்றார். மேலாளரம்மா, "உங்க அக்கா சரின்னு சொன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம். இங்கே அவங்க விருப்பம்தான் முக்கியம்" என்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

நல்ல பெண்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடம்பு துடைக்கும்போது எந்தத் தோளை முதலில் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? டெய்லரக்கா போய்விட்டால் நான் மறுபடியும் துணி துவைக்கும் அறைக்குத்தான் போவேன். அதை அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அதற்காகச் செய்யவில்லை.

"அக்கா, நான்தான் வந்திருக்கேன். நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்று தங்கை கேட்டார்.

அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் விரல்கள் வலித்தன. ஒரே ஒரு அழுத்தம். பிடித்த பிடியை விடவே இல்லை.

"வேண்டாம்ங்கறாங்க" என்றேன்.

தங்கை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கறேனே" என்றார். எழுந்து இடம் கொடுத்தேன். அதையும் நான் மறுக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நான் சொன்னது டெய்லரக்காவின் காதில் விழுந்திருந்தது. காது அவருக்கு நன்றாகவே கேட்கும். தங்கையின் கை கிடைத்ததும் பதறிப்போய் அழுத்தினார், மறுபடி அழுத்தினார், நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அழுத்திக்கிட்டே இருக்காளே. இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று தங்கை என்னைக் கேட்டார்.

"ஒரு தடவைன்னா ஆமாம். அதுக்கு மேலே போனா இல்லைன்னு அர்த்தம்மா" என்றேன். "இவ்வளவு பிடிவாதமா இவங்க சொல்லி நானே பாத்ததில்லை."

தங்கை அந்தக் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தார். "நான் என்ன பண்ணிட்டேன்னு என்மேல இவ்வளவு கோவம் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் நின்றிருந்துவிட்டுப் போனார். மேலாளரம்மாவுக்கும் கண் கலங்கியது. ஆனால் விருப்பம் விருப்பம்தான் என்றார்.

அதற்குப் பிறகு டெய்லரக்கா கையை அழுத்துவதில்லை. எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே. நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் தெரிந்ததுதானே, சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பிசகு நடந்தது போனில்தான். தங்கை ஒருநாள் கூப்பிட்டு, "ஏன் வரமாட்டேங்கறா, காரணம் ஏதாவது சொன்னாளா?" என்று அழுதார். ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா? "உங்க வீட்டுக்காரரை அவங்களுக்குப் பிடிக்கலையாம்" என்றேன். அந்தத் தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நான் என்ன கண்டேன்? அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

தங்கை இப்போது தினமும் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். பதில் வருவதில்லை. கையில் ஒரு கோளாறும் இல்லை, அவர்தான் அழுத்துவதில்லை என்கிறார் டாக்டர். அவராகச் சரி என்று சொல்லாமல் அனுப்ப முடியாது என்கிறார் மேலாளரம்மா. மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்க்கிறேன். என்னை உள்ளே விடுவதில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

ஆமாம், அவர் போகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் இல்லை என்று சொன்னேன். போதுமா? எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இன்று விடிந்ததும் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவரைக் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை. சொல்லிவிடு என்றார். என்மேல் கோபமில்லையே என்றும் கேட்டேன். இல்லையாம்.