படகில் இருந்த தலையணை

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, சபைச் செயலாளர் ஜெயசீலன் அவர்களே, மறைந்த டேனியல் மேஸ்திரியின் மகள் மேரி அவர்களே, தென்னேரிப் பெருமக்களே! நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன் வீரபாகு. உங்களில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று, மாலை போட்ட இந்தப் படத்தின் முன் சத்தியம் செய்கிறேன்!

நம் மேஸ்திரி எத்தனை வீடு கட்டினார்? ஆயிரமா? ஏழு கடலுக்கும் கரை கட்டியவரே அவர்தான். பூச்சு மட்டும் பாக்கி! அப்பேர்ப்பட்டவருக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. சுவிசேஷத்தைத் தகப்பனிடம் காதால் வாங்கினார். ஞாயிறுதோறும் வாயால் கொடுத்தார். இயேசுநாதர் கடலை அதட்டிய கதையை அவர் சொன்னால் தென்னேரி ஏரியே எழுந்து நின்று கேட்கும்! முன்வரிசைக்காரர்கள் வேட்டியைப் பிழிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்! என் மடியில் கெண்டை மீன் விழுந்ததே, மறந்தா போனீர்கள்?

ஒரு ஞாயிறு, செயலாளர் எழுந்தார்.

"இன்னா மேஸ்திரி, புயல்ல ஏசு தலகாணி வெச்சிக்கினு தூங்கினாருன்றியே, படகுல ஏதுய்யா தலகாணி? மத்தேயுல இல்ல, லூக்காவுல இல்ல. நீயா சேக்கிறியா?"

"பார்த்தவன் சொன்னான், கேட்டவன் சொன்னான், எங்கப்பா சொன்னாரு. மனுசன் அசந்து தூங்கிக்கினு இருக்காரு, நான் இன்னாத்துக்குப்பா தலகாணிய உருவணும்?"

இனிப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர்தான் கதை சொல்லலாம் என்று தீர்ப்பாயிற்று. நான்கு ஞாயிறு, கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்தார் என் நண்பர். ஏரி வற்றியது, கொக்குகள் வேலை தேடி வாலாஜாபாத் போயின!

ஐந்தாம் ஞாயிறு மேரி எழுந்தார். மத்தேயுவிலிருந்து லூக்காவுக்குத் தாவிய நம் செயலாளர், நடுவில் கிடந்த மாற்குவை மிதிக்கவே இல்லை! நான்காம் அதிகாரத்தை மேரி உரக்கப் படித்தார். தலையணை இருந்தது!

எழுத்தில் ஏறுமுன் முப்பது நாற்பது ஆண்டு அந்தக் கதை வாய்களில்தான் குடியிருந்தது என்கிறார்கள் படித்தவர்கள். அத்தனை வாய் கடந்தும் நனையாமல் வந்த தலையணையை எங்கள் மேஸ்திரியா கீழே போடுவார்?

மறுவாரம் செயலாளர் தம் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். "நீயே சொல்லுண்ணா" என்றார். மேஸ்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

வரும் ஞாயிறு முதல் மேரி சொல்வார், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு! தவறினால் கேட்பவர்கள் திருத்துவோம். நானும் மாற்று வேட்டியோடு வருவேன், இது உறுதி!

ஏழு கடலும் கெண்டையும் கொக்கும் என் சொந்தச் சரக்கு. அதோ, படத்தடியில் செயலாளர் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே, அந்தத் தலையணை மட்டும் நிஜம்.