பேசாத அக்கா கொடுத்த பேட்டன்

...சரி, நம்ம குடியிருப்பு சங்கக் கணக்கெல்லாம் பேசி உங்களைத் தூங்க வச்சுட்டாங்க. ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? சொல்லட்டுமா, வேண்டாமா?... சத்தமா சொல்லுங்க! ஆங்... இப்ப சரி!

நான் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி விளையாட்டுப் போட்டிகளுக்கு மைக் பிடிச்சவன். அப்படி ஒரு தடவை, கல்லூரிகளுக்கு இடையில போட்டி. திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. பேரு லோசனி. முதல் வருஷம் பி.காம். காலேஜ்ல சேர்ந்த கொஞ்ச நாள்லயே அங்க யாராலயும் அவளை முந்த முடியல. அப்படி ஒரு ஓட்டம்!

எல்லாருக்கும் சந்தோஷம்... ஒருத்தியைத் தவிர. யாரு? ஜெசிந்தா! மூணாம் வருஷம். அதுவரைக்கும் அந்தக் காலேஜ்ல நூறு மீட்டர்னா ஜெசிந்தாதான். லோசனி வந்தா... ஜெசிந்தா இடம் போச்சு. அன்னிக்கு நிறுத்தினா பேச்சை! ஒரே மைதானம், ஒரே பஸ், ஹாஸ்டல்ல ஒரே மாடி. இவ "அக்கா, சாப்பிட்டீங்களா?"ன்னு கேப்பா. அவ சுவத்தைப் பார்த்துக்கிட்டே போயிடுவா.

இதுல ஒரு வேடிக்கை. நாலு பேர் ஓடற ரிலே இருக்குல்ல... அதுல ரெண்டு பேரும் இருக்காங்க. மூணாவதா ஜெசிந்தா, கடைசியா லோசனி. அப்படின்னா என்ன அர்த்தம்? பேசாத அக்கா கையில இருந்துதான் இவ அந்தக் குச்சியை, அதான் பேட்டனை, வாங்கணும்!

ரிலேல வாங்கறவங்க திரும்பிப் பார்க்கக் கூடாதுங்க. பார்த்தா வேகம் போச்சு. நேரா பார்த்து ஓடிக்கிட்டே இருக்கணும். பின்னாடி வர்றவங்க கிட்ட வந்ததும் "கை!"ன்னு ஒரு குரல் கொடுப்பாங்க. உடனே கையைப் பின்னாடி நீட்டணும். கண்ணுக்கு அங்க வேலையே இல்ல... காதுக்குத்தான் வேலை!

ஜெசிந்தா குரல் கொடுத்தாளா? பிராக்டீஸ்ல வாயே திறக்க மாட்டா! இவ பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பா... பேட்டன் கீழ விழும். கோச் அங்கிருந்து கத்துவாரு, "ஏம்மா ஜெசிந்தா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

போட்டி நாள் வந்துச்சு. காலையில நூறு மீட்டர் ஃபைனல். லோசனி குனிஞ்சு தயாரா இருக்கா. "செட்!"... துப்பாக்கி வெடிக்கல... அதுக்குள்ள பாய்ஞ்சுட்டா! அப்படிப் பாய்ஞ்சா போட்டியில இருந்து வெளியேத்திடுவாங்க. "லோசனி... தகுதி நீக்கம்"னு மைக்ல சொன்னது இந்த வாய்தான்.

ஷாமியானாவுக்குப் பின்னாடி உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா. முன்னாடி யாரோ வந்து நிக்கிறாங்க. நிமிர்ந்து பார்த்தா... ஜெசிந்தா!

"என் இடத்தையும் பிடுங்கிக்கிட்டு, இப்படிக் கோட்டை விட்டுட்டியேடி!"

அத்தனை மாசத்துல அவ பேசின முதல் பேச்சு இதுங்க! இவளுக்குக் கோவம் வரணுமா, வேண்டாமா? வரல. கண்ணைத் துடைச்சா.

"இன்னும் திட்டுங்கக்கா. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா சாயங்காலம் ரிலேல என்னை ஒரு தடவை கூப்பிடுங்க. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

ஜெசிந்தா திரும்பி நடையைக் கட்டிட்டா.

சாயங்காலம்... ரிலே ஃபைனல்! துப்பாக்கி வெடிச்சுது! முதல் பொண்ணு பரவாயில்ல. ரெண்டாவது பொண்ணு பின்தங்கிட்டா. ஜெசிந்தா கைக்கு பேட்டன் வரும்போது நாலாவது இடம். என்னா ஓட்டம் ஓடறாங்கிறீங்க! வளைவுல சீறிக்கிட்டு வர்றா...

லோசனி கிளம்பிட்டா. முழு வேகம். குரல் வரல... பேட்டன் கை மாற ஒரு கோடு போட்டிருப்பாங்க. அதுக்குள்ள வாங்கலைன்னா நாலு பேர் உழைப்பும் போச்சு. கோடு கிட்ட வருது... குரல் வரல! அப்புறமா அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லுச்சு: "சார், கழுத்து தானா பின்னாடி திரும்பப் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடினேன்." இன்னும் ரெண்டே எட்டு... கோடு வந்துடுச்சு...

"லோசனீ...!"

"கை"ன்னு கூப்பிடலைங்க! பேரைச் சொல்லிக் கூப்பிட்டா! ஒரு நாளும் கூப்பிடாத பேரு!

கை பின்னாடி போச்சு... பேட்டன் உள்ளங்கையில உட்கார்ந்துச்சு... பறந்தா பாருங்க! மூணாவது ஆளைத் தாண்டிட்டா... ரெண்டாவது ஆளையும் தாண்டிட்டா! மைக் பிடிக்கிறவன் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்ல? எங்க இருந்தேன்! "விடாதம்மா... விடாத!"ன்னு மைக்லயே கத்தறேன்! நெஞ்சை முன்னால தள்ளிப் பாய்ஞ்சா... மயிரிழையில ரெண்டாவது இடம்! அந்தப் பொண்ணோட முதல் வெள்ளிப் பதக்கம்!

ஜெசிந்தா மைதானத்துக்குக் குறுக்கால ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டா. இவ மூச்சு வாங்கிக்கிட்டே கேக்கறா, "ஏன்க்கா... கூப்பிட இவ்வளவு நேரம்?"

அதுக்கு ஜெசிந்தா சொன்னா பாருங்க... "முன்னாடியே வாயைத் திறந்துட்டேன்டி. சத்தம்தான் வரல. இத்தனை நாள் கூப்பிடாத பேரு... டக்குன்னு எப்படி வரும்?"

கேட்டீங்களா?... கோவம் எப்பவோ போயிடுச்சு. கூப்பிடத்தான் வாய் வரல!

நம்ம வீட்டுலயும் இதே கதைதானே? "டேய், உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு!" அப்பா எங்க இருக்காரு? எதிர் சோபாவுல! லிஃப்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் ஏறினா நாம எதைப் பார்ப்போம்? மொபைலை! சிரிக்காதீங்க... கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

"அவன் திரும்பிக்கூடப் பார்க்கல, எவ்வளவு திமிரு"ன்னு சொல்றோம். யோசிச்சுப் பாருங்க. அது திமிரா இருக்காதுங்க. உங்க குரல் எப்ப வரும்னு காதை மட்டும் பின்னாடி வச்சுக்கிட்டு அந்த மனுஷன் ஓடிக்கிட்டிருப்பாரு! தம்பியா இருக்கலாம்... நாத்தனாரா இருக்கலாம்... எதிர் வீட்டுக்காரரா இருக்கலாம்... ஏன், இதே வரிசையில மூணு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கலாம்!

கோடு கிட்ட வந்துக்கிட்டே இருக்குங்க. முதல் தடவை சத்தம் வராது. பரவாயில்ல... இன்னொரு தடவை வாயைத் திறங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க!